எங்கள் லேண்ட்லேடியின் பெயர்

சங்கரன்கோவிலில் 'லேண்ட்லேடி' என்ற சொல்லை ஒரே ஒரு மனிதர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அவர் என்னோடு வாடகைக்குக் குடியிருந்த இங்கிலீஷ் வாத்தியார். எழுபதுகளின் கடைசி. நான் ஒரு தமிழ் நாளிதழுக்குத் தாலுகா நிருபர். அவர், எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களை இன்னொரு முறை தவறுவதற்குத் தயார்செய்யும் ஒரு டுட்டோரியலில் வேலை பார்த்தார். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை, இருவருக்குமே தனி வீடு பிடிக்க வசதியில்லை. அதனால் ஒரே வீட்டில் இருந்தோம்.

"லேண்ட்லேடி கிணத்தடியில நிக்காங்க, இப்பம் குளிக்கப் போவாண்டாம்" என்பார். "லேண்ட்லேடிக்கு இன்னைக்கு மூடு சரியில்ல" என்பார். அவரிடம் அட்டை கிழிந்த ஓர் அகராதி இருந்தது. அதில் பார்த்து அர்த்தமும் சொன்னார். வீட்டையோ நிலத்தையோ சொந்தமாக வைத்திருந்து, அதை வாடகைக்கு விடுகிற பெண். இங்கிலீஷ் கதைகளில் வரும் லேண்ட்லேடி காலையில் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பாளாம், பெண் விருந்தாளிகள் வந்தால் ஆட்சேபிப்பாளாம். எங்கள் லேண்ட்லேடி காலை ஆகாரம் எதுவும் தரவில்லை. ஆட்சேபம் மட்டும் தந்தார்.

வாளியைக் கிணற்றில் தடாலென்று போடக்கூடாது. வெள்ளிக்கிழமை மீன் கூடாது. விடிந்ததும் அவர் முதல் வாளி இறைப்பதற்கு முன் யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் மூலையில் அடுக்கிவைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டுகள். அவற்றில் கரையான் வரும் என்பது அவர் கட்சி. புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொடுக்கிற ஊரில் கரையானைக் குறை சொல்லலாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"கோயில்ல இருந்தா நெத்தியில பூசலாம்யா. வீட்ல இருந்தா என் உத்தரம்லா போவும்" என்றார்.

தெருவிலிருந்து ஒரு நடை உள்ளே போகும். அதன் ஒரு பக்கமாக மூன்று வீடுகள், கடைசியில் கிணறு. எங்கள் பக்கத்தில் இதை வளவு என்பார்கள். தெருவைப் பார்த்த முன்வீடு எங்களுடையது. நடு வீட்டில் ஒரு விசைத்தறித் தொழிலாளி, மனைவி பிள்ளைகளுடன் இருந்தார். கிணற்றை ஒட்டிய மூன்றாவது வீட்டில், எல்லாவற்றிலும் சின்னதில், ஈரம் ஏறிய சுவருக்குள், மூன்றுக்கும் சொந்தக்காரரான அந்த அம்மா இருந்தார். வயது ஐம்பது இருக்கும். நல்ல வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மோசமான வீட்டில் இருப்பதுதான் சொந்தக்காரரின் லட்சணம் என்று வாத்தியார் சொன்னார். அது அகராதியில் இல்லை.

ஊரில் இதற்குப் புழங்கிய சொல் வேறு. 'ஓனர்'. பஸ் ஓனர், தறி ஓனர், வீட்டு ஓனர். நான் சொற்களைக் கவனிக்கப் பழகியவன் என்பதால் ஒன்றைக் குறித்துவைத்திருந்தேன். சங்கரன்கோவிலில் ஓனர் என்றால் ஆண். சொத்து பெண்ணின் பேரில் இருந்தால், அவளுக்கு மிக அருகில் நிற்கும் ஆண்தான் ஓனர். அது புருஷனாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், கொழுந்தனாகவும் இருக்கலாம். அவள் 'ஓனர் வீட்டம்மா'. இதில் யாருக்கும் யார்மேலும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் ஓனர், அம்மாவின் தம்பி. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பருத்தியும் மிளகாயும் போட்டுக்கொண்டிருந்தார். மாதம் பிறந்தால் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். முன்வீட்டு வாசலில் நின்று செருமுவார். வாடகையை வாங்குவார், ரசீதில் 'வீட்டு உரிமையாளர்' என்று அச்சடித்திருக்கும் இடத்தில் தன் கையெழுத்தைப் போடுவார், நேரே மூன்றாவது வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். ஒரு காசு எடுக்கமாட்டார். நாற்பது அடி தூரத்தில் இருக்கும் அக்காவே வந்து வாங்கலாமே என்று நான் கேட்டதில்லை. வாத்தியார் ஒருமுறை கேட்டார்.

"பொம்பள போயி ஆம்பளகிட்ட துட்டுக்கு நிக்கது நல்லாவாய்யா இருக்கும்?" என்றார் அம்மா.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெருவுக்கே தெரியாது. அவருடைய கணவர் புனலூரில் பலசரக்குக் கடை வைத்திருந்து அங்கேயே இறந்துபோனவர். அதனால் அவர் புனலூரம்மா. எதிர்வீட்டுக்காரிக்குப் புனலூர் மதினி, தறிக்காரரின் பிள்ளைகளுக்குப் புனலூர்ப் பெரியம்மை. செத்துப்போன கணவரும் 'புனலூர்க்காரர்' என்றே நினைவில் இருந்தார். இருவரும் சேர்ந்து மலையாள நாட்டு ஊர் ஒன்றின் பெயரை வைத்து முப்பது வருஷம் ஓட்டியிருந்தார்கள். இது எங்கள் பக்கத்தில் புதுமை இல்லை. கல்யாணமான பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பதற்கு அடுத்தபடியான காரியம்.

ஒரு நாள் பிற்பகல், அம்மா புளியங்குடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, கோர்ட் அமீனா வந்தார். கோர்ட் சம்மனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர். சைக்கிளை நடையில் சாய்த்துவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். லேட் இன்னாரின் மனைவி என்று கணவர் பெயரையும் சொன்னார்.

"அப்படி ஆரும் இங்கன இல்லியே" என்றேன்.

"கதவு நம்பர் இதுதான?"

"நம்பர் இதுதான்."

தறிக்காரர் வெளியே வந்தார். அவரும் யோசித்தார். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் கையில் அரிவாள்மணையோடு வாசலுக்கு வந்தார்.

"அந்தப் பேர்ல இந்தத் தெருவுல பால்காரரு வீட்டுப் பசுதான் இருக்கு" என்றார்.

"பசு மேல கேஸ் போடமாட்டாவம்மா" என்றார் அமீனா. பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, வீடு ஆருக்குச் சொந்தம்?"

நானும் தறிக்காரரும் ஒரே நேரத்தில் தம்பியின் பெயரைச் சொன்னோம். திருவேங்கடம் பக்கம் இருக்கார் என்றும் சேர்த்துச் சொன்னோம். அமீனா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார். பிறகு சைக்கிள் சீட்டில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதற்காக மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான் கேட்கவில்லை.

"ஆராவது ஒரு ஆளு கையெழுத்துப் போடணுமே. படிச்ச ஆளாப் பாத்து" என்றார்.

படிச்ச ஆள் என்றதும் முன்னால் போனேன். எழுதியிருந்ததை மேலாகப் பார்த்தேன். கையெழுத்தைப் போட்டு, அதற்குக் கீழே, யாரும் கேட்காமலேயே, 'நிருபர்' என்றும் எழுதினேன்.

அம்மா மூன்று நாள் கழித்து ஊறுகாய்க்காக ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்துடன் திரும்பிவந்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. யாரோ இல்லாத ஒருத்தரைத் தேடி யாரோ வந்துபோனதில் சொல்ல என்ன இருக்கிறது.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய பேப்பர்க் கட்டைப் பிரித்து, ஏஜெண்டு கடையில் நின்றபடியே நான் கோர்ட் நோட்டீஸ்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எறும்பு எழுத்தில், கட்டத்துக்குள் வரும் விளம்பரங்கள் அவை. அவற்றை வாசகர்கள் படிப்பதில்லை. நான் படிப்பேன். சில சமயம் செய்தி கிடைக்கும். அன்றைக்கு ஒரு கட்டத்தில் முன்சீப் கோர்ட், வழக்கு எண், வாதியாக எங்கள் ஓனரின் பெயர். பிரதிவாதியாக ஒரு பெண்ணின் பெயர். எங்கேயோ கேட்ட பெயர். கீழே தெரு, கதவு எண். கதவு எண் என்னுடையது.

மேற்படி வீடு தங்கள் பூர்வீகச் சொத்து என்றும், அதில் தனக்குப் பாதி பாகம் வேண்டும் என்றும் வாதி கேட்டிருந்தார். பிரதிவாதிக்குச் சம்மன் சார்வு செய்ய, அதாவது கையில் சேர்க்க, முடியாததால் இந்த விளம்பரம். வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும். அன்றைக்குத் திங்கள்கிழமை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் என் கவலை வழக்கைப் பற்றியதல்ல. அந்த அம்மாவிடம் போய், "உங்க பேரு என்ன?" என்று எப்படிக் கேட்பது என்பதுதான். மந்திரிகளிடம் ராஜினாமா எப்போது என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுலபம்.

அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து, அடுத்த ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழத்தைக் கீறி உப்பு அடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒங்க பேரு என்ன?"

கத்தி நின்றது. "எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"நாலு வருசம் இருந்துட்டு இப்பம் சும்மா கேக்கியாக்கும்?"

நான் பேப்பரில் இருந்த பெயரைப் படித்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லு. அத ஆரு சொன்னா ஒனக்கு?"

"பேப்பர்ல வந்திருக்கு."

"பேப்பர்லயா? எதுக்கு, நான் செத்துட்டனா?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்தத் தெருவில் ஒரு பெண்ணின் பெயர் பேப்பரில் வருவதென்றால் கண்ணீர் அஞ்சலி ஒன்றுதான் வழி. உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வீடு அவருடைய தாயார் அவர் பேருக்கு எழுதிக்கொடுத்தது. கல்யாணத்துக்கு நகை போட முடியாததற்குப் பதிலாக எழுதிய அந்தப் பத்திரம், ரிஜிஸ்தர் ஆகி, டிரங்குப் பெட்டியில் இருந்தது. நிலம் தம்பிக்கு, வீடு அக்காவுக்கு என்று பேச்சு. தம்பிக்கு இப்போது பையனை இஞ்சினியரிங்கில் சேர்க்க வேண்டியிருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

"போன வாரம்தான்யா வந்தான். ஊறுகா கேட்டு வாங்கிட்டுப் போனான். கேஸ் போட்டவன் ஊறுகா வாங்குவானா?"

"வாங்கிட்டுத்தான போயிருக்காரு."

"பாட்டில்ல வேற கேட்டான்" என்றார். அதுதான் அவரை உறுத்தியது.

பிறகு கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். "பாதி போச்சுன்னா எந்தப் பாதியய்யா போவும்? கிணறு அவனுக்குப் போவுமா?" இந்த மூன்று வீட்டைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கிடையாது. பிள்ளைகள் இல்லை. புனலூர்க் கடை, கணவர் வைத்துவிட்டுப் போன கடனோடு எப்போதோ போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனோம். வக்கீல் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். குமாஸ்தா வக்காலத்துப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். நாலு வருஷமாகத் தெரியாத பெயரை அன்று காலையிலிருந்து தெரிந்தவன் என்ற உரிமையில்.

"வீட்டுக்காரரு பேரு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கணவர் செத்துப் பதினோரு வருஷம். இருந்தாலும் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. பேப்பரில் இருக்கிறதே, நானே சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன். குமாஸ்தா கையை உயர்த்தினார். "கட்சிக்காரரே சொல்லணும். பொறவு தப்பாயிட்டா எங்கள ஏசுவாவ."

"வேல் வச்சிருக்கவரு" என்றார் அம்மா, தரையைப் பார்த்தபடி.

குமாஸ்தா இதைப் போல ஆயிரம் பார்த்தவர். அந்தக் கடவுளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் அம்மா இல்லை என்று தலையாட்டினார். ஆறாவது பெயரில் நிறுத்தினார்.

"அதுதான். ஆனா பின்னால சாமி கெடையாது."

"சாமிய எடுத்தாச்சு" என்று குமாஸ்தா எழுதினார்.

கடைசியில் கையெழுத்து. அம்மா பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக, வரிக்கு மேலேயும் கீழேயும் வழிய, எழுதி முடித்தார். எழுதத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே கோர்ட் வராந்தாவில் போய் நின்றோம். கொஞ்சம் தள்ளித் தூணடியில் தம்பி நின்றார். வெள்ளைவேட்டி, இடுக்கில் மஞ்சப்பை. அக்காவைப் பார்த்ததும் தானாகவே கை போய்த் துண்டைத் தோளிலிருந்து எடுத்தது. பிறகு நினைவு வந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

டவாலி வெளியே வந்து வாதி பெயரைக் கூப்பிட்டார். தம்பி போனார். பிறகு பிரதிவாதி பெயரைக் கூப்பிட்டார். அம்மா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது முறை கூப்பிட்டார். எங்கள் வக்கீல் வேறொரு கேஸ் கட்டைத் தேடிக்கொண்டு உள்ளே எங்கோ இருந்தார்.

"அம்மா, ஒங்களத்தான்."

"தெரியுது. இவ்வளவு சத்தமாவா கூப்பிடுவாவ? பஸ் ஸ்டாண்டுக்குக் கேக்கும்லா."

மூன்றாவது முறை இன்னும் சத்தமாகக் கேட்டது. அவர் முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு, "வாரேன், வாரேன், கத்தாதேயும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பின்னால் நான் போனேன்.

எங்கள் வக்கீல் வந்துசேர்ந்து வக்காலத்தைக் கொடுத்தார். இத்தோடு முடிந்தது, வாய்தா போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். தம்பியின் வக்கீல் எழுந்தார். பிரதிவாதி வந்ததில் ஆட்சேபம் இல்லை, ஆனால் ஒன்றை மட்டும் கோர்ட்டார் பார்க்க வேண்டும் என்றார். அமீனாவின் அறிக்கையைப் படித்தார். மேற்படி வீட்டில் அப்படி ஒரு பெண் யாரும் வசிக்கவில்லை என்றும், வீட்டுக்குச் சொந்தக்காரர் வாதிதான் என்றும், அதே வீட்டில் குடியிருக்கும் நிருபர் ஒருவர் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாதி என்ன, முழுவதுமே வாதியுடையது என்றுதான் ஊர் அறிய இருந்துவந்திருக்கிறது என்றார்.

அமீனா ஏன் தலையைத் தூக்கிப் பார்த்தார் என்பது அப்போது விளங்கியது. அவர் கையிலிருந்த தாளில் கேஸ் போட்டவராக இருந்த பெயரையே நாங்கள் ஓனர் என்று சொல்லியிருக்கிறோம்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

முன்சீப் இளவயதுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்த நிருபர் யாரு?" என்றார். எழுந்து நின்றேன்.

"எத்தனை வருஷமா அந்த வீட்ல இருக்கீங்க?"

"நாலு வருஷம் சார்."

"இந்தம்மா எங்க இருக்காங்க?"

"அதே வளவுல சார். மூணாவது வீடு."

"பாக்கிறது உண்டா?"

"தினமும். கிணத்தடியில."

"பேர் தெரியாது."

"தெரியாது சார்."

"வாதிதான் வீட்டுக்கு ஓனர்னு எப்படித் தெரியும்?"

"வாடகை அவருதான் வாங்குவார்."

"பத்திரம் ஏதும் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க சொன்னது செய்தியா, வதந்தியா?"

"வதந்தி சார்."

பெஞ்சில் இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அவருடைய வக்கீல் ஏதோ கண் ஜாடை காட்டினார். அதைப் புரிந்துகொள்ளும் பழக்கம் தம்பிக்கு இல்லை.

"அக்காதான், எசமான்" என்றார். "வீட்லதான் இருக்கா. எங்க போவா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பதில் மனுத் தாக்கல் செய்ய எங்களுக்கு வாய்தா கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி போகும்வரை நின்றோம்.

"நல்ல சாட்சிதான்யா நீ" என்றார் அம்மா. "என் வீட்ட அவன் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, எனக்குத் துணைக்கும் வந்திருக்க."

"தெரியாமப் போட்டது."

"தெரிஞ்சவனா இருந்தா வக்கீலுக்குப் படிச்சிருப்ப."

வழக்கு மூன்று ஆடித்தபசுத் திருவிழாக்களைத் தாண்டி நடந்தது. இதற்கிடையே என்ன ஆனது என்று சொல்வது பத்திரிகை முறைப்படி சுருக்கமாக முடியும். வாத்தியாருக்கு நாகர்கோவில் பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போய்விட்டார். முன்வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அம்மா கடைத்தெருவில் புது ரசீதுப் புத்தகம் வாங்கினார். மாதம் பிறந்தால் அவரே வாசலில் வந்து நின்றார். செருமவில்லை. "எய்யா, வாடக" என்றார், பால்காரி கூப்பிடுகிற மாதிரி. ரசீதில் 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போடுவார். அது முடிய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். தறிக்காரர் முதல் மாதம், "மதினி, அண்ணாச்சி வரலியா?" என்று கேட்டார். "எந்த அண்ணாச்சி?" என்றார் அம்மா.

வாய்தா நாட்களில் அக்காவும் தம்பியும் கோர்ட் வேப்பமரத்தடியில் சந்தித்துக்கொள்வார்கள். அம்மா இரண்டு பேருக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார். தம்பி கரிசலில் விளைந்த வற்றலைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். சாப்பிட்டுவிட்டு உள்ளே போய், ஒருவர்மேல் ஒருவர் பொய் சொல்கிறார் என்று வக்கீல்கள் மூலம் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வக்கீலுக்கு இது பிடிக்கவில்லை. கேஸ் பலவீனமாகும் என்றார். "சோத்துல என்ன பலவீனம் இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

விசாரணையில் தம்பி பத்து வருஷ ரசீதுகளின் அடிக்கட்டைகளைக் கொண்டுவந்து போட்டார். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து, எல்லாவற்றிலும் 'வீட்டு உரிமையாளர்'. அடுக்கிவைத்தபோது ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அம்மாவிடம் இருந்தது நாலு பக்கப் பத்திரம் ஒன்று, ஓரத்தில் செல்லரித்தது. நான் சாட்சிக்கூண்டில் ஏறி, ரசீது வாங்கியது உண்மை, ஓனர் என்று நினைத்தது உண்மை, அப்படி நினைக்க எந்த ஆதாரமும் இல்லை என்று மூன்றையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னை, "பெயர் தெரியாத நிருபர்" என்றே கடைசிவரை குறிப்பிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை இல்லாத ஓர் ஐப்பசியில், தீர்ப்பு வந்தது. பத்திரம் செல்லும். வீடு முழுவதும் பிரதிவாதிக்கு. வாடகை வாங்கியது அக்காவுக்காகச் செய்த உதவி, அதனால் உரிமை வராது. தம்பி வெளியே வந்து, மஞ்சப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்பம் நான் போயிட்டு வாரேன்க்கா" என்றார். அம்மா, "சாப்பிட்டுப் போ" என்றார். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் அன்று மாலையே செய்தி எழுதினேன். அம்மாவின் முழுப்பெயர், வயது, தெரு, எல்லாம் போட்டு எழுதினேன். அந்தப் பெயரைப் பற்றி ஒருமுறை தப்பாகச் சாட்சி சொன்னவன் என்பதால், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, பஸ்ஸில் போகும் செய்திக் கவரில் அனுப்பினேன். மறுநாள் உள்பக்கத்தில், ஓர் உரக் கம்பெனி விளம்பரத்துக்கு மேல் வந்திருந்தது. 'வீட்டு வழக்கில் தம்பி தோல்வி' என்பது தலைப்பு. தம்பியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. அவர் ஊர் இருந்தது. வக்கீல்கள் இருவரின் பெயரும் இருந்தன. வென்றவர், 'அவரது அக்காள்'.

ஆபீஸ் டெஸ்க்கில் இருந்து பெயரை வெட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறேன். இரண்டு வரி மிஞ்சினால் எதையாவது எடுக்க வேண்டும். ஆண்களின் பெயரை எடுத்தால் போன் வரும். பெண்ணின் பெயரை எடுத்தால் வராது. உறவுமுறை ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கிணற்றடி வெளிச்சத்துக்குப் போய், விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"தோத்தவன் பேரு இருக்கு" என்றார். "செயிச்சவ பேரு எங்க?"

"நான் எழுதித்தான் அனுப்புனேன். ஆபீஸ்ல வெட்டிட்டாங்க. எடம் பத்தல."

"இங்கன ஒரு மூட்ட உரம் படம் போட்டிருக்கு."

பேப்பரை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கொண்டுபோயி ஒன் கட்டுல சேத்து வை."

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தபால்காரர் எனக்கு ஒரு பதிவுத் தபால் கொண்டுவந்தார். வக்கீல் நோட்டீஸ். மேற்படி முகவரியில் உள்ள மூன்று வீடுகளுக்கும் முழு உரிமையாளரான எனது கட்சிக்காரர் என்று ஆரம்பித்தது. பெயர் இருந்தது, கணவர் பெயர் இருந்தது, சாமி இல்லாமல். முன்வீடு தன் சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுவதால் மூன்று மாதத்துக்குள் காலிசெய்து கொடுக்குமாறு கேட்டிருந்தார். அதை அனுப்பியவர் அப்போது என் ஜன்னலுக்கு நாற்பது அடி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது.

போய் நின்றேன். "நேர்ல சொல்லியிருக்கலாமே."

"வாயால சொன்னா, ஆரு சொன்னது, வீடு ஆருதுன்னு பொறவு கேப்ப."

"என் மேல கோவமா?"

"கோவமா இருந்தா ஒரு மாசம்லா போட்டிருப்பேன். வக்கீலு ஒரு மாசம் போதும்னாரு. நான்தான் பேப்பர்க் கட்டெல்லாம் தூக்கணும்னு மூணு போடச் சொன்னேன்." ஒரு புடவையைப் பிழிந்து உதறினார். "கிணத்து ஈரத்துல கெடந்து எனக்குக் கால் வீங்குது. பதினாலு வருசம் பின்னால கெடந்தாச்சு. முன்வீட்டுல இருக்கப் போறேன்."

"இத முன்னாலயே செஞ்சிருக்கலாமே."

"முன்னால ஓனரு ஒத்துக்கிடணும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை எடுத்தார்.

மூன்று மாதம் முடிவதற்கு முன்பே கொத்தனார் வந்துவிட்டார். அம்மா அவரோடு என் வீட்டுக்குள் வந்தார். செருப்பு போட்டிருந்தார், கழற்றவில்லை. அந்த ஏழு வருஷத்தில் முன்வீட்டுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. தெருப்பக்கச் சுவரின் முன் நின்று, இரண்டு கையையும் அகல விரித்தார்.

"சன்னல் இங்கன வரணும். இம்புட்டு அகலம். ரோடு தெரியணும்."

"அவ்வளவு பெருசு எதுக்கு, புனலூரம்மா?" என்றார் கொத்தனார்.

அம்மா அவரைத் திருத்தினார். தன் பெயரைச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. கொத்தனார் காதில் பென்சிலோடு, தப்பாக எதையோ கேட்டுவிட்டவர் போல என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவர் டேப்பைப் பிரித்து, இடைஞ்சலாக இருக்கிறது, கட்டிலைக் கொஞ்சம் நகர்த்துங்க என்றார். நகர்த்தினேன்.